தினமும் துடைத்த ஃபோல்டர்

சிம்மக்கல்லில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத்தரும் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் எனக்கு வாடிக்கையான இடம். கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தபோது உரிமையாளர் முருகேசன் போனில் கூப்பிட்டார்.

"கரண்டு போய்ட்டு வந்தா சிஸ்டம் ஆன் ஆகுறதுக்கு அம்புட்டு நேரமாகுதுண்ணே. நிக்கிற ஆளு பூராம் பக்கத்துக் கடைக்குப் போயிர்றான்."

போனதும் வாசலிலேயே நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொண்ணு வந்ததுல இருந்துதான் இப்பிடி. முந்தி இருந்தவன் இருக்கைல நல்லாத்தான் ஓடுச்சு. என்னத்தையோ நோண்டுது. அது மட்டும் உறுதியாச்சுன்னா, நாளைல இருந்து வர வேணாம்னு சொல்லிருவேன்."

உள்ளே ஜெசிந்தா இருந்தார். திருநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். தாழ்த்திய குரல் அவர் காதிலும் விழுந்திருந்தது. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஹார்டு டிஸ்க் பழையது, ஆனால் பழுதில்லை. வைரஸும் இல்லை. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் திறந்தேன். ஏறக்குறைய காலி.

விண்டோஸ் ஆன் ஆகும்போது எந்தெந்த ஃபைல்கள் தேவைப்பட்டன என்பதை அங்கேதான் குறித்து வைக்கும். அடுத்த முறை, கேட்பதற்கு முன்பே அவற்றை டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு எடுத்துக்கொள்ளும். குறிப்பு இல்லையென்றால் ஒவ்வொன்றையும் கேட்ட பிறகுதான் தேடும். பழைய டிஸ்க்கில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

"காலைல வந்ததும் என்னம்மா செய்வீங்க?"

"டெம்ப், ப்ரீஃபெட்ச் ஃபோல்டர்ல கெடக்குற எல்லாத்தையும் அழிச்சிருவேன் சார். கடை மூடுறப்பவும் ஒருக்க. குப்பை சேந்தா ஸ்லோவாயிரும்னு கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொன்னாங்க. ஒருநாள்கூட விட்டதில்ல."

கடைசி வார்த்தைகளில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பாத்தீங்களாண்ணே!" என்றார் முருகேசன்.

மறைக்க வழியில்லை. "இவங்க அழிச்சதாலதான் மெதுவாச்சு. ஆனா இந்த மெஷினை தினமும் கவனிச்ச ஒரே ஆளும் இவங்கதான்" என்றேன்.

அழிக்காமல் விட்டு, திரும்பத் திரும்ப அணைத்து ஆன் செய்தேன். முதல் முறை அதே இழுவை. "இதுக்குத்தான் சர்வீஸா?" என்றார் முருகேசன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது.

ஜெசிந்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதுமா சார்?"

"இந்த ஃபோல்டருக்குப் போதும்."

"அதுதான் சார் கஷ்டம்."

முருகேசன் சிரித்துவிட்டார். மார்க் ஷீட்டோடு வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டார். "வாங்கண்ணே, உக்காருங்க. ஜெசிந்தா, இவருக்கு மொதல்ல போட்டு விடும்மா." நான் வந்ததிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு எந்த மெஷினைத் தொடும் முன்பும், அதை நன்றாக வைத்துக்கொள்ள என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். கோளாறை எல்லோரும் கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். அக்கறையோடு செய்வதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.