ஆடிக்கு முன் பிறந்த இரண்டு சங்கங்கள்

எங்கள் பஸ் டிப்போச் சாரதிகளைப் போல மேடைப்பேச்சில் ஆசை உள்ளவர்கள் யாழ்ப்பாணத்தில் வேறு இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் பேசிப் பேசித் தேய்த்தது ஒரே விஷயம். கொழும்பில் தலைமையகம் வைத்திருந்த நாடளாவிய தொழிற்சங்கத்தை விட்டு விலகி, எங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதா இல்லையா என்பது.

தொடங்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுப்பு இருக்கவில்லை. தலைமையகக் கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில் வரும். தமிழில் ஒரு வரி வந்ததில்லை. கடிதம் வந்தால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொண்டுபோவோம். அவர் மா படிந்த கையால் வாங்கி வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவார். அவர் வேலைநிறுத்தம் என்றால் எங்களுக்கு வேலைநிறுத்தம். அப்படி ஒரு சங்கத்தில் இருக்க எவனுக்கு விருப்பம்?

ஆனால் அந்த நேரம் நான் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருந்தேன். சாவகச்சேரிச் சந்தைக்கு முன்னால் பிறேக் பிடிக்காமல் என் பஸ் மின்கம்பத்தில் மோதியது. ஒருவருக்கும் காயமில்லை, கம்பம்தான் சாய்ந்தது. பிறேக் சரியில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து பழுதுப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். மோதிய மறுநாள் போய்ப் பார்த்தால் புத்தகத்தில் அந்த மூன்று தாள்களும் இல்லை. கிழித்தவனை எனக்குத் தெரியும். அவனைப் பற்றி எழுதித் தாளை வீணாக்கப் போவதில்லை.

எங்கள் சங்கக் கிளையில் ஒரேயொரு நல்ல வழக்கம் இருந்தது. பழுது எழுதும்போது அடியில் காபன் தாள் வைத்து எழுதி, பிரதியைச் சங்கத்தின் இரும்பு அலுமாரியில் போடுவோம். என் வேலை அந்த மூன்று பிரதிகளில் தொங்கியது. இன்னொன்றும் இருந்தது. விசாரணையில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து பேச, பதிவு செய்து அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் ஆளைத்தான் விடுவார்கள். ஆடி மாதம் முதல் வாரம் விசாரணை என்று கடிதம் வந்தது.

கிளைச் செயலாளரிடம் போனேன். சுன்னாகத்துக்காரர், மூத்த சாரதி, விசாரணைகளில் மடக்கிக் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்.

"அண்ணை, என்ரை விசாரணை முடியட்டும். பிறகு எல்லாரும் விலகுவம். நானும் வாறன்."

"ஆடியிலை ஒண்டும் தொடங்கேலாது தம்பி. ஆனி முடிய முதல் தொடங்கிப்போட வேணும்."

"அப்ப ஆவணியிலை தொடங்குங்கோவன்."

"உனக்காக ஒரு சங்கம் ஒரு மாசம் வயித்துக்குள்ளை கிடக்கிறதோ?"

இவர்தான் மே தினத்தில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மூடநம்பிக்கைக்கு எதிராக முழங்கியவர்.

நாள் குறிக்கக் கூட்டம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு என்பது தெரிந்ததுதான். வாக்கியத்துக்காரர் ஒரு நாளைச் சொன்னால் திருக்கணிதத்துக்காரர் வேறு நாளைச் சொல்லுவார்கள். செயலாளர் வாக்கியம் பார்த்துப் புதன்கிழமை காலை என்றார். பொருளாளர் வட்டுக்கோட்டைக்காரர், திருக்கணிதம். அவர் வெள்ளிக்கிழமை என்றார்.

"உம்மடை புதன்கிழமை மரணயோகம் ஐசே. பிறந்த அண்டே சங்கத்துக்குச் செத்தவீடு செய்யவேண்டியதுதான்."

"எங்கடை கோயில் தேர் வாக்கியத்திலைதான் ஓடுது. இண்டைக்கு வரைக்கும் அச்சு முறியேல்லை."

"தேரை இழுக்கிறது சனம். பஞ்சாங்கமே இழுக்குது?"

நான் எழும்பி, "வியாழக்கிழமை வையுங்கோ, ரண்டு பேருக்கும் நடு" என்றேன்.

"உவன் கம்பத்திலை இடிச்சவன். உவனுக்கு நடு தெரியுமோ?" என்று பின்னாலிருந்து ஒரு கொண்டக்டர் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முழுவதிலும் எல்லோரும் ஒன்றாகச் செய்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

முடிவில் புதன்கிழமை ஒரு சங்கமும் வெள்ளிக்கிழமை ஒரு சங்கமும் பிறந்தன. இரண்டுக்கும் நிறைகுடம், குத்துவிளக்கு, தேவாரம். புதன்கிழமை பாதிப்பேரும் வெள்ளிக்கிழமை மீதிப்பேரும் பழைய சங்கத்திலிருந்து விலகல் கடிதம் எழுதினார்கள். நான் எழுதவில்லை. பழைய கிளையில் மிஞ்சியது நான் ஒருவன்தான்.

அலுமாரி யாருக்கு என்று அடுத்த சண்டை. செயலாளர் ஒரு பூட்டுப் போட்டார். பொருளாளர் அதற்கு மேலே இன்னொன்று போட்டார். விசாரணைக்கு முதல்நாள் செயலாளரிடம் அவர் பூட்டைத் திறக்கத் திறப்புக் கேட்டேன்.

"அவன் முதல் கழட்டட்டும், நான் கழட்டிறன். நான் முதல் கழட்டினால் அவன்ரை சங்கத்தை ஏற்றமாதிரி."

பொருளாளரிடம் போனேன்.

"அவர் கழட்டினவரோ?"

"இல்லை."

"அப்ப நான் மட்டும் என்னத்துக்கு?"

"என்ரை வேலை போகப்போகுது அண்ணை."

"வேலை போனால் எங்கடை சங்கம் உனக்காகப் போராடும். பயப்பிடாதை."

வீட்டுக்குப் போய் அலவாங்கை எடுத்து வந்தேன். இரண்டு பூட்டும் ஒரே நெம்பலில் கழன்றன. பூட்டிலாவது ஒற்றுமை இருந்தது. உள்ளே மூன்று பிரதிகளும் இருந்தன, ஒன்றைக் கரப்பான் ஓரத்தில் அரித்திருந்தது.

மறுநாள் விசாரணைக்கு இரண்டு புதுச் சங்கங்களும் ஆள் அனுப்பியிருந்தன. இரண்டு பேரும் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அவர்கள் நீட்டிய இரண்டு கடிதங்களையும் பார்த்து, இவை பதிவே செய்யாத சங்கங்கள் என்று சொல்லி இருவரையும் வெளியே போகச் சொன்னார். அவர்கள் வாசலில் இருந்த தேத்தண்ணிக் கடையில் போயிருந்து, யார் முதலில் கடிதத்தைக் கொடுத்தது என்று சண்டை பிடித்தார்கள். விசாரணை முடியும்வரை எனக்குக் கேட்டது.

"உமது சங்கப் பிரதிநிதி எங்கே?" என்று அதிகாரி கேட்டதை, கூட எழுத வந்த லிகிதர் தமிழில் சொன்னார்.

"பழைய சங்கத்திலை மிஞ்சினது நான்தான் ஐயா. பிரதிநிதியும் நான்தான்."

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நான் மூன்று பிரதிகளையும் மேசையில் வைத்தேன். அவர் டிப்போப் புத்தகத்தை எடுப்பித்து, தாள் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் அதிகம் கேட்கவில்லை. மெக்கானிக் பகுதிப் பொறுப்பாளரைத்தான் கேட்டார்.

ஆடி முடிவதற்குள் வேலை திரும்பக் கிடைத்தது. அதே பஸ், புதுப் பிறேக்.

முதல்நாள் ஓட்டம் முடித்து வந்தபோது ஒரு கடிதம் காத்திருந்தது. சங்கச் சொத்தான அலுமாரியை உடைத்ததற்கு நான் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டுமாம். கீழே செயலாளரும் பொருளாளரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தார்கள். என் வேலை போகவிருந்தபோது ஒரு பூட்டுக்கு ஒன்றுசேராதவர்கள், அலுமாரிக்கு ஒன்றுசேர்ந்துவிட்டார்கள்.

கடிதம் கொண்டுவந்தவனிடம் சொன்னேன்: "பதில் எழுதிறன். நாள் நல்லதோ எண்டு ரண்டு பஞ்சாங்கத்திலையும் பாக்க வேணும் எண்டு சொல்லு."

இன்றுவரை பார்க்கவில்லை.