ஷோபனா மேடத்தின் ஆர்ட்டிஸ்ட்

கொரட்டூர் இருதயராஜுக்குப் படம் போட வரும். விலை சொல்ல வராது. வாரப் பத்திரிகை ஒன்றில் பதினாறு வருஷம் கார்ட்டூன் போட்டவர், பத்திரிகையை மூடியதும் தனியாகத் தொழில் தொடங்கினார். "எவ்ளோ சார்?" என்று யாராவது கேட்டால் போதும், மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "நீங்களே பாத்துக் குடுங்க" என்பார். பார்த்துக் கொடுத்தவர்களின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். ஒரு கல்யாண மண்டபக்காரர் எட்டுப் படத்துக்கு அரைக் கிலோ பாதாம் அல்வா கொடுத்தனுப்பினார்.

அல்வா வந்த அன்று அவர் மனைவி சரசாவுக்குப் பொறுமை போயிற்று. அம்பத்தூரில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் உட்காருபவள். யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. புதிதாக ஒரு சிம் வாங்கினாள். பெண்டாட்டி என்று தெரிந்தால் உரிமையோடு விலையைக் குறைப்பார்கள் என்று, ஷோபனா என்று பெயரும் வைத்துக்கொண்டாள். "ஆர்ட்டிஸ்ட்டோட மேனேஜர் பேசறேன். பாதி அட்வான்ஸ். ரெண்டு கரெக்‌ஷன் ஃப்ரீ, மூணாவதுக்குத் தனி சார்ஜ்." அட, மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்!

நாலு வருஷம் ஷோபனா மேடத்தின் ராஜ்ஜியம் நடந்தது. அப்புறம் போன் அடிப்பது குறைந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. குமணன்சாவடியில் விளம்பர நிறுவனம் நடத்தும் யூசுப், பள்ளிப் பிள்ளைகளுக்கான மாத இதழுக்கு ஒரு வருஷம் முழுக்கப் படம் கேட்டிருந்தார். மாதிரிப் படங்களும் போயாயிற்று. இதுவும் கைவிட்டுப் போனால் தூரிகையை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை யூசுப் கூப்பிட்டார். சரசா மீன் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் இருதயராஜ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வேலை உங்களுக்குத்தான். ஆனா இந்த ஆர்ட்டிஸ்ட் வேணாம். கோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்பப் பழைய காலம். வேற ஆளப் புடிச்சுக் குடுங்க. உங்க கமிஷன்ல கை வைக்க மாட்டேன்."

"யோசிச்சுட்டு சொல்றேன் சார்" என்று சரசா வைத்துவிட்டாள்.

இருதயராஜின் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா சரசு, அந்தாள நறுக்குனு நாலு வார்த்த கேக்க மாட்டியா?"

"இன்னானு கேக்கறது? இவரு மொத ஆளு இல்லீங்க. போன தீபாவளிலேர்ந்து ஏழு பேரு இதையேதான் சொல்லிகினு கீறாங்க."

"ஏழு பேரா! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வெறும் மேனேஜரா இருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன். பொண்டாட்டியாவும் கீறேனே, இன்னா பண்ண?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, ஏழு தடவையும் இவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சோறு போட்டிருக்கிறாளே என்பதுதான் உறுத்தியது. உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார்.

"சரி, மேனேஜராவே சொல்லு. இன்னா கொற?"

சரசா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஷோபனாவின் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"சார், உங்க படத்துல பசங்க இன்னும் சிலேட்டத் தூக்கினு போறாங்க. டயர் உருட்டறாங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அது இன்னான்னே தெரியாது."

இருதயராஜ் பேப்பரையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

"எழுதிக்கறேன். அடுத்தது சொல்லுங்க மேடம்."