புத்து எல்லாம் இறங்கு!

செனோபியா தார்க்கிக்கு உட்காரத் தெரியாது. கல்யாணத்தன்று பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், வாசலில் யார் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தவள். பொலிவிய மலைமேட்டு ஊரான எல் ஆல்தோவில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் எழும் கை அவளுடையதுதான். எதற்கு என்று கேட்டுவிட்டுத் தூக்குகிற பழக்கமெல்லாம் அந்தக் கைக்குக் கிடையாது.

கடைசியில் அந்தக் கைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

அவள் ஆப்பி விற்கிறவள். ஊதாச் சோளத்தை அரைத்து, பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சும் கஞ்சி. காலை நேரத்துப் பனிக்காற்றில் அது இல்லாமல் ஒருவனுக்கும் வேலை ஓடாது. விற்ற இடம் எறும்புப் புற்று. பெயர்தான் புற்று, நிஜத்தில் ஒரு தெருமுனை. உருளைக்கிழங்கு மூட்டை, பழைய டயர், கோழிக்குஞ்சு, மெல்லுகிற கோக்கா இலை, ஜோசியக்காரன் எல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக் கிடந்தன. நகராட்சி அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் போலீஸ்காரனே முழிப்பான்.

ஒருநாள் நகராட்சி ஆள் ஒலிபெருக்கியோடு வந்தான். "நாலு தெரு தள்ளி மூணு மாடியில உங்களுக்குக் கட்டடம். கூரை இருக்கு, குழாய் இருக்கு. யார் யாருக்குச் சம்மதம்?"

செனோபியாவின் கை எழுந்தது. அதைப் பார்த்து நூறு கைகள் எழுந்தன.

கட்டடம் அழகுதான், அதில் குறை சொல்லக் கூடாது. நீலக் கண்ணாடி, வழுக்கும் தரை, எப்போதோ செத்துப்போன ஒரு டாக்டரின் பெயர். ஆள்தான் வரவில்லை. மினிபஸ்கள் வழக்கம்போல "புத்து! புத்து!" என்று கூவிக்கொண்டு பழைய முனையிலேயே ஜனத்தை இறக்கின. அங்கே தகர வேலியும் இரண்டு நாய்களும்தான் இருந்தன. இடம் மாறிய அறிவிப்பை ஒட்டிய அன்றே காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டது. இறங்கியவர்கள் நகராட்சியைத் திட்டிவிட்டு வேறு சந்தைக்குப் பஸ் ஏறினார்கள்.

இரண்டாம் மாடியில் செனோபியா ஈ ஓட்டினாள். அந்த உயரத்துக் குளிரில் ஓட்டுவதற்கு ஈயும் கிடையாது. குண்டானைத் திறப்பாள், கிளறுவாள், மூடுவாள், மாடிப்படி வரை போய் எட்டிப் பார்ப்பாள். மிஞ்சிய கஞ்சியைக் குடித்துக் குடித்து அவள் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு ஊதாவாகிவிட்டது.

பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி வைத்து மாவைப் பொரித்து விற்கும் காஸ்தா, எண்ணெய்ச் சட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏண்டி, இப்ப எங்க அந்தக் கை? மடியிலயா வச்சிருக்க?"

"கொஞ்சம் பொறுடி."

"பொறுக்க என்ன இருக்கு? கீழ் மாடியில பாதிப் பேர் பூட்டிட்டுப் போயாச்சு. நீ தூக்கினியேன்னுதான் நானும் தூக்கினேன். எம் புள்ளைங்க உன் கையையா திங்கும்?"

செனோபியாவுக்குச் சுருக்கென்றது. அன்று மதியமே பஸ்களெல்லாம் கூடும் லா செஹா முக்கத்துக்கு ஓடினாள். அங்கேதான் பஸ் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவும் நெலிதா இருந்தாள். அவள் தொண்டையைத் திறந்தால் பஸ்ஸுக்கு ஹாரன் தேவையில்லை.

"நெலிதா, கண்ணு, எங்க கட்டடத்தைக் கூப்பிடேன்."

"அக்கா, கோவிச்சுக்காத. ஜனம் இறங்குற இடத்தைத்தான் நான் கூப்பிட முடியும். ஒருத்தரும் இறங்காத இடத்தைக் கூவினா டிரைவர் என்னையே அங்க இறக்கிவிட்டுட்டுப் போயிடுவாரு."

"ஜனம் இறங்கினா?"

"இறங்கட்டும், பார்க்கலாம்."

மறுநாள் காலை செனோபியா காஸ்தாவையும், பூட்டாமல் மிச்சமிருந்த பெண்களையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எல்லோர் முதுகிலும் மூட்டை, தலையில் தொப்பி. ஆளுக்கொரு பஸ்ஸை மறித்தார்கள்.

"புதுப் புத்துக்குப் போகுமா?"

"அப்படி ஒரு இடமே இல்லம்மா."

"இல்லியா? அப்ப உன் பஸ் வேணாம் போ!"

போகும் என்றவனின் பஸ்ஸில் ஏறி, கட்டடம் வந்ததும் "முனையில நிறுத்து, புதுப் புத்து இறங்கணும்!" என்று கத்தி, மூட்டையோடு இறங்கி, பின்தெருவில் மூச்சிரைக்க ஓடிவந்து, திரும்பவும் ஏறினார்கள். கடையில் ஒரு கோப்பை விற்கவில்லை. பஸ்ஸுக்கு மட்டும் கைக்காசு போனது. காஸ்தா வழியெல்லாம் திட்டினாள், ஆனாலும் ஏறினாள்.

நெலிதாவுக்கு விஷயம் புரியாமலா இருக்கும்? "எத்தனை தடவக்கா நீங்க ஊருக்குப் புதுசா வருவீங்க?" என்று சிரித்தாள்.

"நீ கூப்பிடுற வரைக்கும்!"

இத்தனை பேர் இறங்குகிறார்களே, ஏதோ மலிவாகக் கிடைக்கிறது போல என்று வேறு சிலரும் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். அந்த வாரக் கடைசியில் நெலிதா கதவில் தொங்கியபடி, "புதுப் புத்து, புதுப் புத்து எல்லாம் இறங்கு!" என்று கூவியபோது செனோபியா நடுத்தெருவில் நின்று அழுதாள். வெட்கமே படவில்லை. நாளடைவில் 'புது'வும் உதிர்ந்து வெறும் புத்து ஆயிற்று.

கூட்டம் வந்தது. கூட்டத்தின் வாசனை பிடித்து உருளைக்கிழங்குக்காரி வந்தாள், காலுறைக்காரன் வந்தான், கோழிக்குஞ்சும் ஜோசியமும் வந்தன. எல்லாம் வாசலில், நடைபாதையில். பஸ்ஸிலிருந்து இறங்கிய காலுக்கே எல்லாம் கிடைக்கும்போது எவன் மாடி ஏறுவான்?

மேலே குண்டான் ஆறிக்கொண்டிருந்தது. கீழிருந்து வந்த இரைச்சல் செனோபியாவின் பாதத்தில் குறுகுறுத்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு குண்டானைத் துணியில் சுற்றித் தூக்கிவிட்டாள்.

"அடிப்பாவி!" என்று காஸ்தா அலறினாள். "எங்களை மேல ஏத்திட்டு நீ கீழ போறியா?"

"சட்டியத் தூக்குடி! வாய அப்புறம் வச்சுக்கலாம்."

காவலாளி வாசலில் மறித்தான். "அம்மா, உங்க இடம் உள்ள இருக்கு."

"உள்ள யாரு இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். வெறும் மாடிப்படிதான் தெரிந்தது. செனோபியா ஒரு கோப்பை ஊற்றி, மேலே கொஞ்சம் கொசுறும் ஊற்றிக் கொடுத்தாள். காஸ்தாவின் சட்டி இறங்கியது; அவள் பின்னால் மாடியே இறங்கியது. அன்று குண்டான் அடி தெரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

அடுத்த குளிர்காலத்தில் அதே நகராட்சி ஆள் அதே ஒலிபெருக்கியோடு வந்தான். நடைபாதை அடைபடுகிறதாம். "அஞ்சு தெரு தள்ளி உங்களுக்கு நல்ல கட்டடம். இந்த முறை லிஃப்ட் உண்டு. யார் யாருக்குச் சம்மதம்?"

நூறு தலைகள் செனோபியா பக்கம் திரும்பின. காஸ்தா மாவுக் கையோடு எழுந்தே நின்றுவிட்டாள்.

செனோபியாவுக்கு வலது தோள் துடித்தது. அந்தக் கையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? சட்டென்று கரண்டியை எடுத்து அதில் திணித்துக்கொண்டாள். எதிரே வந்து நின்ற பஸ்ஸில் நெலிதா, "புத்து எல்லாம் இறங்கு!" என்று கூவினாள். இறங்கியவர்கள் குண்டானைச் சூழ்ந்தார்கள். செனோபியா ஊற்றினாள், ஊற்றினாள், ஒலிபெருக்கி அணையும் வரை நிறுத்தவே இல்லை.