சார் திண்டிவனத்தில் இருந்த நாள்

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது நான் மூளை அறுவைசிகிச்சைப் பயிற்சியில் நான்காவது வருடத்தில் இருந்தேன். ஆறு வருடப் படிப்பு அது. நடுவில் சில மாதங்கள் ஏதாவது ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். சென்னையில் எனக்கு மேலே பேராசிரியர்கள், சீனியர்கள் என்று ஒரு படையே இருந்தது. விழுப்புரத்தில் தலையைத் திறக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் அவரை சார் என்றே அழைத்தார்கள்.

எங்கள் படிப்பில் கை மெதுவாகத்தான் உள்ளே போகும். முதல் வருடம் கட்டு மாற்றினேன், தலை மழித்தேன், ஸ்கேன் படங்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கினேன். அடுத்த வருடம் தோலைத் தைக்க விட்டார்கள், அப்புறம் கிழிக்க. அதற்கும் பிறகுதான் எலும்பு. எலும்பைத் திறந்து வைத்துவிட்டு நான் விலகி நிற்பேன். பெரியவர்கள் வந்து உள்ளே உள்ள வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். மறுபடி நான் மூடுவேன். சார் இதில் இன்னும் கெடுபிடி. நான் வந்த முதல் வாரமே, இரத்தத்தை உறிஞ்சும் குழாயைப் பிடித்த விதம் பிடிக்கவில்லை என்று என்னைக் கையுறையைக் கழற்றச் சொன்னார். மிச்ச நேரம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

வியாழக்கிழமைகளில் அவர் திண்டிவனத்தில் புறநோயாளிகளைப் பார்க்கப் போவார். அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில் அவசரப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்தார். கணவரோடு பைக்கில் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தபோது, காணை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு, பின் சீட்டிலிருந்து சாலையில் விழுந்திருக்கிறார். கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தார், பிறகு தானே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கணவர் சொன்னார். கணவருக்கு முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. பெண்ணுக்கு வலது காதுக்கு மேலே நன்றாக வீங்கியிருந்தது.

“ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. தலைதான் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. ஒரு மாத்திரை குடுங்க, வீட்டுக்குப் போறேன். மல்லாட்டை களத்துல காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு.”

வேர்க்கடலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஸ்கேன் எடுக்காமல் அனுப்ப முடியாது என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்கேன் அறைக்குப் போகும் வழியெல்லாம் ஸ்ட்ரெச்சரோடு நடந்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்று கேட்டேன். போகும்போது உடனுக்குடன் பதில் வந்தது. திரும்பும்போது ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

படத்தில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே வெள்ளையாக இரத்தம் கட்டியிருந்தது. எலும்பில் ஒரு விரிசல். அதற்கு அடியில் ஓடும் இரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரத்தம் சேரச் சேர மூளை நசுங்கிக்கொண்டே வரும். பிறகு ஒரே சரிவுதான். சாருக்கு ஃபோன் செய்தேன். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு, உடனே கிளம்புவதாகச் சொன்னார்.

நான் மயக்க மருந்து டாக்டரிடம் விவரம் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்தார். அந்தப் பெண் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். இடது கண்ணின் பாப்பா சட்டென்று சுருங்கியது. வலது கண்ணில் அது அகல விரிந்து அப்படியே நின்றது.

மறுபடி ஃபோன் செய்தேன். பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, வண்டிகள் நகரவில்லை என்றார் சார்.

“ப்யூப்பில் எப்படி இருக்கு?”

“வலது பெருசாயிடுச்சு சார். வெளிச்சத்துக்குச் சுருங்கல.”

“நீ ஆரம்பி,” என்றார்.

“சார், இங்கே கையால சுத்தற டிரில்தான் இருக்கு. நான் மின்சார டிரில்லதான் பண்ணியிருக்கேன்.”

“தெரியும். ஆரம்பி.”

வெளியே வந்தால் அந்தப் பெண்ணின் அண்ணன் ஒரு தனியார் ஆம்புலன்ஸோடு வந்து நின்றார். பாண்டிக்குக் கொண்டு போகிறோம், இங்கே பெரிய டாக்டரே இல்லையாமே என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நான் கணவரைப் பார்த்து, மூளை நசுங்கிக்கொண்டிருக்கிறது, பாண்டி போய்ச் சேரும்வரை தாங்காது என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

“நீங்க இதப் பண்ணியிருக்கீங்களா டாக்டரம்மா?”

“எலும்பு வரைக்கும் பண்ணியிருக்கேன். உள்ளே தனியாப் பண்ணதில்ல. பெரிய டாக்டர் வந்துட்டிருக்கார். ஆனா அவர் வர்ற வரைக்கும் காத்திருந்தா இவங்க இருக்க மாட்டாங்க.”

அண்ணன் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவிட்டார். கணவர் அசையவில்லை. “பாண்டிக்குப் போய்க்கினு இருக்கும்போதே போயிட்டா நான் என்னா பண்றது?” என்று மச்சானைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், “நீங்களே பண்ணுங்க,” என்றார்.

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் நாடி குறைகிறது, பிரஷர் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூளை நசுங்குவதன் அடையாளம் அது. மூளையின் வீக்கத்தை வடிக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நானே தலையை மழித்தேன், தோலைக் கிழித்தேன். அதுவரை கைக்குப் பழகிய வேலை. பிறகு நர்ஸ் அந்த டிரில்லைக் கொடுத்தார். தச்சர்கள் வைத்திருப்பதைப் போலவே இருக்கும். ஒரு கையால் மேலே அழுத்திக்கொண்டு மறு கையால் சுற்ற வேண்டும். மின்சார டிரில் எலும்பு முடிந்ததும் தானே நின்றுவிடும். இது நிற்காது. எலும்பு எப்போது முடிகிறது என்று உள்ளங்கைதான் சொல்ல வேண்டும். அழுத்தம் ஒரு நொடி கூடினால் முனை நேரே மூளைக்குள் போய்விடும்.

சுற்றினேன். எலும்புத் தூள் வெள்ளையாக வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு மறுபடி வெள்ளையாக. முனை லேசாகச் சிக்கியதுபோல் ஒரு தடங்கல், எலும்பு முடியப்போகிறது. நிறுத்திவிட்டு முனையை மாற்றி ஓட்டையை அகலமாக்கினேன். உள்ளேயிருந்து கறுப்பாக இரத்தக்கட்டி பிதுங்கி வந்தது.

“நாடி ஏறுது,” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

இன்னும் சில துளைகள் போட்டு, கம்பி ரம்பத்தால் அவற்றுக்கு இடையே அறுத்து எலும்பைத் தூக்கினேன். கட்டியை வழித்தெடுத்தேன். அந்த இடத்தில்தான் நான் எப்போதும் விலகி நிற்பேன். என் கால் ஒருமுறை பின்னால் போனதுகூட எனக்கு நினைவிருக்கிறது. எதிரே யாரும் இல்லை.

கட்டி போன இடத்தில் புது இரத்தம் நிரம்பியது. உறிஞ்சினேன், நிரம்பியது. மறுபடி உறிஞ்சினேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் மேல் தெரிந்த குழாய்களையெல்லாம் மின்முனையால் சூடு வைத்து அடைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் இரண்டாவது பை இரத்தத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு யோசித்தேன். கீழ் விளிம்பிலிருந்துதான் ஊறுகிறது. நான் எலும்பைத் திறந்தது கொஞ்சம் உயரத்தில். கிழிந்த குழாய் இன்னும் திறக்காத எலும்புக்கு அடியில் இருக்கிறது. குறடு போன்ற கருவியால் கீழ்ப்பக்கம் எலும்பைத் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுத்தேன். விரிசலின் அடியில் அது துடித்துத் துடித்துப் பீச்சுவது தெரிந்தது. சூடு வைத்ததும் நின்றது. நின்றதா என்று பார்க்க வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றினேன். நீர் தெளிவாகவே இருந்தது.

சார் கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விளிம்பு முழுவதையும் அவரே தூக்கிப் பார்த்தார், ஓரிடத்தில் மறுபடி சூடு வைத்தார். “முதல்லயே இன்னும் கீழே இறங்கியிருக்கணும்,” என்றார். பிறகு உறையை எலும்போடு சேர்த்துக் கட்டச் சொல்லி, கடைசித் தையல்வரை எதிரே நின்றார். துணிகளை விலக்கியதும் நான் முதலில் இமையைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாப்பா சுருங்கியிருந்தது. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்தவள், யாரோ வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து செயற்கை மூச்சுக்கான குழாயை எடுத்தார்கள். இடது கையில் பலம் குறைவாக இருந்தது. வார்டுக்கு மாறிய பிறகு அதுவும் மெல்லத் தேறியது. பேச்சு வந்ததும் அந்தப் பெண் என்மேல் கோபப்பட்டது முடிக்காகத்தான். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட முடியாம். கோயிலுக்குப் போவதற்கு முன்னாடியே பாதியை எடுத்துட்டீங்களே என்றார்.

அந்த நாள் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் என்னை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டார். வேகத்தடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாருக்கோ நடந்ததைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் அழுதாரா என்று கேட்டார். அழவில்லை, தியேட்டர் வாசலை விட்டு நகரவும் இல்லை என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னேன்.

“அவரு அழ மாட்டாரு. அன்னிக்கு எதுனா சாப்ட்டாரா?”

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். மருந்துப் பையோடு உள்ளே வந்த கணவரிடம் அவரே அதைக் கேட்டார்.

“டீ குடிச்சேன்,” என்றார் அவர்.