ஒரு மாடிக்கு ஒரு வாய்

என் அம்மாவின் சிறுநீரகங்களில் ஒன்று என் மாமாவிடம் இருக்கிறது. கொடுத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அதைக் கொடுத்துவிட்டதாக அம்மா ஒருநாளும் பேசியதில்லை. வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளையை விசாரிப்பதுபோல, "என் சாமான் எப்படி இருக்கு?" என்பாள்.

"ஜோரா இருக்கு. உன்கிட்ட இருந்தப்ப தூங்கித் தூங்கி வழிஞ்சுச்சாம்" என்பார் மாமா.

மாமா, அம்மாவுக்கு அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் முன்னறை அவருடையது. சிறுநீரகம் மாற்றிய பிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அம்மா அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். காலையில் பெரிய செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டுவாள். மாமா கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செம்பைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார். ஒரு சொட்டு விழக் கூடாது. அப்புறம்தான் அம்மா நகர்வாள்.

தண்ணீரோடு சாப்பாடும் இறங்கியதுதான் சிக்கல். டயாலிசிஸ் காலத்தில் எதையும் அளந்தே சாப்பிட்டவருக்குப் பசி திரும்பியது. மாத்திரைகளும் அதைத் தூண்டிவிட்டன. முகம் உருண்டது, கழுத்து காணாமல் போனது. சின்ன லிஃப்டுகளில் அவரோடு இன்னும் இரண்டு பேர் ஏறினாலே எச்சரிக்கை மணி அடித்தது. வேலையிடத்தில் 'ஓவர்லோடு' என்று பெயர் வைத்தார்கள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்தாலே, "ஓவர்லோடு பேசுறேன்" என்பார்.

பழைய லிஃப்டுகளில் பெட்டியின் கூரையில் ஒரு சதுர மூடி உண்டு. அதன் வழியாக ஏறி மேலே நின்று கம்பிவடங்களைப் பார்ப்பதுதான் மாமாவுக்குப் பிடித்த வேலை. ஒருநாள் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டார். பாதி மேலே, பாதி கீழே. கூட வந்த எலக்ட்ரீஷியன்தான் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

"ஓட்டையப் பெருசாக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதுவோமா?" என்றார் அவர்.

மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் விரைவிலேயே அவரைப் பட்டறையில் உட்கார்ந்து வயர் இணைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி கிட்னி டாக்டரிடமிருந்து வந்தது. சர்க்கரை வந்துவிட்டது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. இப்படியே போனால் மாற்றிவைத்த சிறுநீரகமும் கெடும். சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் பார்த்தாகிவிட்டது. இனி இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் அதைச் செய்கிறார்கள், கூடுதல் கவனம் வேண்டும் என்றார். டாக்டர் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"வயித்த அறுத்துக்கிறேன்னு போய் என் சாமானையும் கெடுத்துட்டு வந்து நின்னா?"

"சும்மா இருந்தாலும் கெடும்னுதானே டாக்டர் சொல்றாரு."

"வாயக் கட்ட முடியல, வயித்த வெட்டணுமாம்!"

"வாயத் தைக்கிற ஆபரேஷன் இருக்கான்னு கேட்டேன். இருந்தா மொதல்ல உனக்குத்தான்."

அம்மா சிரிக்கவில்லை. "குடுக்கறதுக்கு எங்கிட்ட இன்னொண்ணு இல்லண்ணா" என்றாள்.

மாமாவின் கேலி அடங்கியது. "அதனாலதாம்மா உன்னக் கேக்குறேன். இடம்தான் என்னுது, சாமான் உன்னுது. நீ வேணாம்னா வேணாம்."

சில நாட்கள் போயின. ஒரு காலை செம்பை நீட்டும்போது, "எப்ப ஆஸ்பத்திரில சேரச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்று டாக்டர் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்தார். இனி எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தண்ணீர்கூட ஒவ்வொரு வாயாகத்தான் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவும் மாமாவும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, மாமா மாத்திரைகளை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா செம்பை நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணை மூடி, அப்படியே கவிழ்த்தார். இத்தனை வருஷப் பழக்கம். இரண்டு பேருக்கும் கை தானாகப் போய்விட்டது. பாதி இறங்குவதற்குள் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரும் மாத்திரைகளும் சேர்ந்து தரையில் வந்து விழுந்தன. வேறொருவருடைய சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் காப்பவை அந்த மாத்திரைகள்தான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மாத்திரைகளை மறுபடி எப்படிக் கொடுப்பது என்று சொன்னார்கள். வரச்சொல்லிப் பார்த்தார்கள், உள்ளே தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அம்மா செம்பைப் பரண்மேல் போட்டுவிட்டாள். மாமா தண்ணீரைக் கண்டாலே, "அப்புறம் குடிக்கிறேன்" என்றார், அம்மாவும் வற்புறுத்தவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம்.

மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். உடம்பு வறண்டுபோயிருக்கிறது, தண்ணீர் பழைய அளவுக்கு உள்ளே போயே ஆக வேண்டும் என்றார் கிட்னி டாக்டர். போகட்டும், ஆனால் ஒவ்வொரு வாயாக என்றார் வயிற்று டாக்டர். சம்பந்திகளைப்போல் இருவரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் இறங்கி வரவில்லை.

அதன்பின் அம்மா டம்ளரோடு மாமாவின் பின்னாலேயே அலைந்தாள்.

"ஒரு வாய்."

"இப்பதானே குடிச்சேன்?"

"அது போன வாய்."

"நான் என்ன கைக்கொழந்தையா? நிலாவக் காட்டி ஊட்டிவிடு."

"வா வெளிய, காட்டுறேன்."

மாமா விருட்டென்று வெளியே போய் லிஃப்டுக்குள் நுழைந்தார். அம்மாவும் விடாமல் நுழைந்தாள். கதவு மூடுவதற்குள் நானும் ஓடினேன். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது மாமாவின் கம்பெனிதான். வேலை முடிந்ததும் தளத்துக்குத் தளம் நிறுத்தி, பெட்டியின் தரையும் வெளித்தரையும் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். பழக்கத்தில் அவர் விரல் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தியது. முதல் மாடியில் கதவு திறந்ததும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்குக்கு நேராக டம்ளர். ஒரு வாய் குடித்தார். இரண்டாம் மாடியிலும் குனிந்தார், நிமிர்ந்தார், குடித்தார். உச்சி மாடி வந்தபோது டம்ளர் காலி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்றாம் மாடி டீச்சர் கனத்த பையோடு காத்து நின்று அலுத்துப்போய்க் கேட்டார்:

"மேல போறீங்களா, கீழ போறீங்களா?"

"குடிக்கப் போறோம் டீச்சர்" என்றாள் அம்மா.

"காலங்காத்தாலயேவா?"

பட்டறைக்குத் திரும்பியதும் மாமா அங்கேயும் அதே கணக்கை வைத்துக்கொண்டார்: ஒரு வயர் இணைத்தால் ஒரு வாய். எடை மெல்ல இறங்கியது. கன்னம் இன்னும் உருண்டைதான். ஆனால் கழுத்து திரும்ப வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார்கள்.

மாமாவை மறுபடி லிஃப்ட் வேலைக்கே அனுப்பினார்கள். எங்கள் கட்டடத்துப் பழைய லிஃப்டைப் பழுது பார்க்க அவர் வந்த அன்று காலையில்தான் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. கிரியாட்டினின் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. "என் சாமான் நல்லாருக்காம்" என்று அம்மா டீச்சரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

பெட்டியைத் தரைத்தளத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, மாமா தலையை நுழைத்தார். தோள் போனது. வயிறு ஒரு கணம் யோசித்தது. பிறகு அதுவும் போனது. செருப்பு மட்டும் கீழே விழுந்தது.

"ஓவர்லோடு, பேர மாத்திடலாமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வேணாம்பா. பழகிருச்சு."

மேலிருந்து கை மட்டும் கீழே நீண்டது. அம்மா டம்ளரைக் கொடுத்தாள்.

"ஒரு வாய்தான்."

"தெரியும், தெரியும்."

டம்ளர் முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பி வந்தது. அம்மா அளவைப் பார்த்துவிட்டு, அடுத்த வாய்க்காக அங்கேயே நின்றாள்.