ஹாடெவிக்கோடு பாடியவள்

புதிய இடத்தில் பாடப் போனால் ஹாடெவிக் முதலில் சுவரிடம்தான் போவாள். உள்ளங்கையைக் கல்லில் பதித்து, வாயை மூடியபடி மெல்ல முனகிவிட்டுக் காதைச் சாய்ப்பாள். "ம், குரல வாங்கிக்கிது" என்றால் அந்த இடம் தேறிவிட்டது. "இது வெறும் செவுரு" என்றால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுக்கமாட்டாள்.

கழுத்தில் ஜூலையிலும் கம்பளித் துண்டு. கன்னத்தில் எப்போதும் பெல்ஜியத்து கெண்ட் நகரத்தில் விற்கும், மூக்கு வடிவ ஊதா மிட்டாய் ஒன்று. காலையில் நானூறு வருடத்துக்கு முந்தைய தேவாலயப் பாட்டு, மாலையில் மை காயாத புதுப்பாட்டு என்று தன் உச்சக்குரலை இரண்டு பக்கமும் பங்கு வைத்தே பிழைத்தாள். யார் எழுதியதைப் பாடப் பிடிக்கும் என்று கேட்டால், "செத்தவங்க எழுதினதத்தான். இந்த எடத்துல ஏன் மூச்சு விட்டேன்னு போன் பண்ணி உயிர வாங்கமாட்டாங்க" என்பாள். வான்னஸ் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே சொல்வாள். உடன் படித்தவன், அவளுக்குப் புதுப்பாட்டு எழுதுபவன்.

சென்ற இலையுதிர்காலத்தில் இருவருக்கும் பாதிப் பாட்டு ஒன்று கிடைத்தது. பழைய கன்னியர் மடத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து பாடியது. மேல்குரலின் ஏடு மட்டும் மிஞ்சியிருந்தது. தொலைந்த கீழ்க்குரலை வான்னஸ் புதிதாக எழுதி, சின்ன ஆர்கனில் தானே வாசிப்பதாக ஏற்பாடு. கச்சேரியும் அந்த மடத்து ஜெபக்கூடத்தில்தான்.

ஒத்திகையன்று, அவன் ஆர்கனைத் திறப்பதற்குள் அவள் தனியாகப் பாடிப் பார்த்தாள். இரண்டாம் வரியில் தன் குரலுக்கு அடியில் இன்னொரு பெண்குரல் ஓடுவது காதில் விழுந்தது. எதிரொலி என்று நினைத்தாள். ஆனால் மெட்டு வேறாக இருந்தது. சட்டென்று நிறுத்தினாள். அந்தக் குரல் அதைக் கவனிக்காமல் சற்றுத் தூரம் போய்விட்டு, தயங்கி நின்றது.

"யாரு கூடப் பாடினது?" என்றான் வான்னஸ்.

"உனக்கும் கேட்டுதா?"

"கேட்டுது. நான் எழுதினது இல்ல அது." குனிந்து தன் தாள்களை அடுக்கினான். "நான் எழுதினத விட நல்லாவும் இருக்கு. ஆனா கச்சேரில என்னோடதுதான். நடுவுல காலை வாரிடாத, ஹாடெவிக்."

"வாரமாட்டேன்."

ஞாயிறு மதியம் கூடம் நிறைந்திருந்தது. ஆர்கன் தொடங்க, அவள் பாடினாள். இரண்டாம் வரியில் அந்தப் பெண்குரல் வந்துவிட்டது. அதன் சுருதி ஆர்கனைவிடக் கொஞ்சம் கீழே, அந்தக் காலத்துச் சுருதியில் இருந்தது. இரண்டோடும் சேர்ந்து பாட வழியில்லை. இத்தனை வருடத்தில் சுருதி விலகினாள் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதவள் ஹாடெவிக். கீழே அந்தக் குரல் துணை தேடுவதுபோல் மெலிந்துகொண்டே போனது.

தன் குரலை மெல்ல இறக்கி அதோடு சேர்த்தாள்.

ஆர்கன் நாராசமாக உரசியது. வான்னஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

முடியும்வரை இரண்டு பெண்குரல்கள் கேட்டன. முன்வரிசையில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

கைதட்டல் எழுந்தது. வணங்கப்போன ஹாடெவிக் உடனே குனியவில்லை. ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டாள். அதன் பிறகே குனிந்தாள்.