குன்சுலு முடுக்கிய திருகு

அந்த டர்பைன் இரண்டு நாளில் ஐந்தாவது முறையாக நின்றபோது, குன்சுலு அதன் எண்ணெய்த் தொட்டியருகே மண்டியிட்டிருந்தாள். காதை அடைத்த இரைச்சல் மெல்ல முனகலாகி அடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் குழாயில் அழுத்தம் காட்டப் பொருத்தியிருந்த பழைய முள் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஒன்றரையில் நின்றது, துளியும் இறங்கவில்லை. ஆனால் அதே எண்ணெயை அளக்கும் மூன்று சென்சார்களும், அழுத்தம் விழுந்துவிட்டதென்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி இயந்திரத்தை நிறுத்தியிருந்தன.

கரகுடுக் ஊர் மின்நிலையத்தில் இரண்டு டர்பைன்கள். ஒன்றைப் பழுதுக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மற்றது எரிவாயுவை எரித்து ஊருக்கு மின்சாரம் கொடுத்தது; அதன் புகைச் சூட்டில் காயும் வெந்நீர்தான் அத்தனை வீட்டு ரேடியேட்டர்களுக்கும் போனது. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி. பனிப்புயலில் வெளியூர் மின்கம்பி அறுந்துவிட்டது, சாலையும் மூடிவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் மற்றொரு மெக்கானிக் அக்தோபே நகர ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்டான். டர்பைன் செய்த கம்பெனியின் ஆள் தொலைபேசியில், "சென்சாரை மாற்றிப் பாருங்கள்" என்றான். மாற்றினாள். மாற்றிய பிறகும் இருமுறை நின்றது.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தேழு வருடமாக அங்கே கருவி மெக்கானிக். ஊரில் 'மீட்டர்காரி' என்றால் அவள்தான். குளிரில் பேட்டரி செத்துப்போகாதிருக்க வோல்ட் அளக்கும் டெஸ்டரைக் கோட்டுக்குள் மார்போடு வைத்திருப்பாள். எந்த எண்ணையும் இரண்டு இடத்தில் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

தலைமைப் பொறியாளர் மேல்ஸ் படியிறங்கி வந்தார். அறுபத்தொரு வயது; அவளுக்கு அவர் 'அகா', அண்ணன். இரண்டு நாளாக முகம் மழிக்கவில்லை.

"குன்சுலு, அந்த எண்ணெய் ட்ரிப்பை பைபாஸ் பண்ணிடு. சென்சார் என்ன சொன்னாலும் மிஷின் நிக்கக் கூடாது."

"மாட்டேன் அகா."

"பொய் ட்ரிப்புன்னு நீதானே சொல்ற?"

"இதுவரைக்கும் பொய். ஆறாவது தடவை நெஜமாவே எண்ணெய் விழுந்தா? பேரிங் உருக பத்து செகண்ட் போதும். அப்புறம் பனி உருகற வரைக்கும் இந்த ஊருக்குச் சூடே கெடையாது."

"மூணாவது பேட்டைல குழாய் வெடிக்க ஆரம்பிச்சாச்சு. பிரசவ ஆஸ்பத்திரில எட்டு டிகிரி. மேயர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடறார். எங்க மீட்டர்காரிக்கு மனசு வரலைன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அவ வீட்டுக்காரரும் அஞ்சாவது மாடில எந்திரிக்க முடியாம கெடக்கார்னு சேத்துச் சொல்லுங்க."

மேல்ஸ் திரும்பிப் படியேறிப் போனார்.

அவள் கணவர் எசென் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவரிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள்.

"குளுருதா?"

"எனக்கு ஒரு பக்கம் ரெண்டு வருஷமா ஜில்லுனுதான் கெடக்கு. இப்ப மத்த பக்கமும் கத்துக்குது."

"பக்கத்து வீட்டுக்காரங்க இல்லையா?"

"ஸ்கூல்ல அடுப்பு மூட்டியிருக்காங்கன்னு போயிட்டாங்க. என்னைத் தூக்கப் பாத்தாங்க, பாவம். கிரேன்தான் வேணும்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ வேலையப் பாரு கிழவி."

பதினொரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். மணி அடிக்கவேயில்லை. செல்போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடு நாற்பது நிமிட நடை. இந்தப் புயலில் இரண்டு மணி நேரம். போனாலும் அவரை ஐந்து மாடி இறக்க அவளால் ஆகாது. போகாவிட்டால் அவர் அங்கே தனியே விறைப்பார். மேலங்கியை எடுத்து ஒரு கையை நுழைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில் கெடாது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது மின்சாரம் கொண்டுவரும் ஒயர் ஒன்றுதான். அதை அவள் மூன்று முறை அளந்திருந்தாள், இருபத்து நான்கு வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் மூன்று முறையும் இயந்திரம் நின்றபிறகுதான் அளந்தாள். ஓடினால்தான் பெரிய விசிறி சுற்றும். விசிறி சுற்றினால்தான் வெளியே உறையும் குளிர்காற்று உள்ளே வந்து ஒயரில் படும். ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கி அரைமணி கழித்துத்தான் நின்றது. அந்த நோய் இயந்திரம் ஓடும்போது மட்டும் வருகிறது. நிற்கவிடாமல் ஓட்டினால்தான் பிடிக்க முடியும்.

கையை அங்கியிலிருந்து உருவினாள். மேல்ஸின் அறைக்குப் போனாள்.

"பைபாஸ் போடறேன் அகா. ஆனா நீங்க அந்த முள் கேஜ் முன்னாடி நிக்கணும். ஒரு கை ஸ்டாப் பட்டன் மேல இருக்கணும். முள் ஒண்ணுக்குக் கீழ போனா, யோசிக்காம அமுத்தணும்."

"நானா? வேற ஆள்..."

"போடச் சொன்னது நீங்கதானே?"

அவர் மேசையிலிருந்து காதுமூடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பகல் ஒரு மணிக்கு டர்பைன் மறுபடி ஓடியது. மேல்ஸ் கேஜ் முன்னால் நின்றார். சிவப்புப் பொத்தான் மேல் உள்ளங்கை. குன்சுலுவை 'அபாய்', அக்கா என்று அழைக்கும் லூபா, கட்டுப்பாட்டு அறையிலிருந்து அரைமணி நேரமாக வாக்கிடாக்கியில் சென்சார் எண்களைப் படித்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணரை... ஒண்ணரை... அபாய், எறங்குது. ஒண்ணேகால். மூணும் சேந்து எறங்குது. ஒண்ணு. பூஜ்யம் புள்ளி எட்டு. ட்ரிப் விழுந்திருக்கும், இப்ப."

குன்சுலு மேல்ஸைப் பார்த்தாள். அவர் மறு கையை உயர்த்தி ஒரு விரலை நிமிர்த்தி, அடுத்ததைப் பாதி மடக்கிக் காட்டினார்: ஒன்றரை, அசையவில்லை.

சென்சார் மூடியைத் திறந்து டெஸ்டரை வைத்தாள். ஒன்பது வோல்ட். இரண்டு நாளாக ஒளிந்துகொண்டிருந்தது இப்போது கைக்கெட்டியது. ஒயர் போகும் வழியே பின்னால் போனாள். ஒயர் சுவரோரமாக ஏறி, வெளிக்காற்று உள்ளே வரும் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போனது. அங்கே காற்று கத்தியாக அறுத்தது. ஏணி போட்டு ஏறினாள். கையுறையோடு மூடியின் திருகைப் பிடிக்க முடியவில்லை, கழற்றினாள். விரல்நுனித் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது.

உள்ளே வரும் ஒயரில் இருபத்து நான்கு. போகும் ஒயரில் ஒன்பது. நடுவில் இரண்டையும் இணைக்கும் டெர்மினலில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒயரின் இழைகளில் மூன்றோ நான்கோதான் திருகுக்குள் இருந்தன. மற்றவை அறுந்து சிலிர்த்து நின்றன. குளிர் ஏற ஏற அந்த மூன்று நான்கும் சுருங்கி விலகியிருக்கின்றன.

பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலில் ஒரு தேதியும் கையெழுத்தும் இருந்தன. பதினோரு வருடம் முந்தைய தேதி. கையெழுத்து அவளுடையது. அன்று ஒயர்முனைக்குப் போடும் செம்பு உறை கையிருப்பில் இல்லை. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாமென்று வெறும் ஒயரை முறுக்கித் திருகை முடுக்கிவிட்டு இறங்கியிருந்தாள்.

அதை நினைத்து நிற்க நேரமில்லை. ஒயரை வெட்டினாள். புது முனை சீவினாள். விரல்கள் மரத்துப்போய், மூன்று உறைகள் கீழே விழுந்தன. நான்காவதைப் பல்லில் கடித்துப் பிடித்து ஒயரில் செருகி அழுத்தினாள். புது டெர்மினலில் மாட்டி முடுக்கினாள்.

"ஒண்ணரை," என்றாள் லூபா. "மூணும் ஒண்ணரை. அபாய், கேக்குதா?"

மேல்ஸை இன்னும் ஒரு மணி நேரம் பொத்தானருகே காத்திருக்கச் செய்தாள். காற்று அடித்தது, எண் அசையாமல் நின்றது. பிறகு பேனலுக்குப் போய், தான் போட்ட பைபாஸ் ஒயரைக் கையில் பிடித்தாள். தப்பு என்றால் இழுத்த கணமே இயந்திரம் நின்றுவிடும். இழுத்தாள். ஓடிக்கொண்டே இருந்தது.

மேல்ஸைக் கூட்டிவரப் போனபோது அவரால் பொத்தானிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, தோளோடு விறைத்துவிட்டது. அவள்தான் விரல்களைப் பிடித்து விலக்கினாள்.

நிலையத்து ட்ராக்டர் அவளை வீட்டு வாசலில் விட்டபோது நான்கு மணி தாண்டியிருந்தது. ஐந்து மாடியும் ஓடி ஏறினாள். அறையில் மூச்சு புகையாக வந்தது. கட்டிலையொட்டிய சுவரில் தொங்கிய பெரிய கம்பளத்தைக் காணோம். ஒற்றைக் கையால் அதை ஆணியோடு பிடுங்கித் தன்மேல் போட்டுக்கொண்டு எசென் அதனடியில் கிடந்தார். உதடு நீலம். நெற்றியில் ஆணி கீறிய இரத்தம்.

"வந்துட்டியா," என்றார். "உங்கம்மா கொடுத்த கம்பளம். ரெண்டு ஆளு கனம்."

அவள் அவர் பக்கத்தில் கம்பளத்துக்குள் நுழைந்து கட்டிக்கொண்டாள். ரேடியேட்டரில் தண்ணீர் சலசலத்தது. இன்னும் சூடாகவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அவள் அதைச் சொன்னாள்.

"அந்த ஒயர மாட்டினது நான்தான். உறை போடாம விட்டுட்டேன்."

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரென்று நினைத்தாள்.

"எத்தன வருஷம் நின்னுது?"

"பதினொண்ணு."

"நான் நம்ம வீட்டு பால்கனிக்குப் போட்ட கதவு ரெண்டு வருஷங்கூட நிக்கல," என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

பதினோராம் நாள் அவர் இறந்தார்.

ஒரு வாரம் கழித்து அவள் விபத்தறிக்கை எழுதிக் கொண்டுபோனாள். மேல்ஸ் படித்துவிட்டு, கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு? டெர்மினல் பழசு, அரிச்சுப்போச்சு. அவ்வளவுதான். யார் மாட்டினாங்கன்னு யாரும் கேக்கல."

"மூடில என் கையெழுத்து இருக்கு அகா."

"மூடிய மாத்திடறேன். குன்சுலு, நீ ஏற்கனவே போதுமான அளவு அனுபவிச்சாச்சு."

"அந்த வருஷம் நான் மாட்டினது அது ஒண்ணு மட்டுமில்ல. நாப்பது பெட்டி. எல்லாத்தையும் தொறந்து பாக்கணும்னா, ஏன்னு எழுதித்தானே ஆகணும்?"

விசாரணைக் குழு அவளைத் தண்டித்தது. இரண்டு வருடம் தண்ணீர் மீட்டர் பட்டறையில் போட்டார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கி, ஏணியைத் தோளில் சுமந்து நாற்பது பெட்டிகளையும் திறந்தாள். ஏழில் ஒயர் அறுந்துகொண்டிருந்தது. ஒன்று, பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் தள்ளும் பம்பினுடையது.